சித்திரையில் வந்த கோடித் துணி

முன்னொரு காலத்தில், நெடுவாறு கடலில் விழுகிற நாட்டைத் தியாகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கொடையில் அவனுக்கு நிகர் அவன்தான். என்ன, ஊர் மூழ்கினால்தான் கை நீளும். ஐப்பசி வெள்ளம் வடிந்ததும் யானைமேல் போய் அரிசியும் வேட்டியும் வாரி இறைப்பான். செத்தவர் வீட்டுக்குப் பிணத்தின்மேல் போர்த்தக் கோடித் துணி அனுப்புவான். புலவர்கள் பாடுவார்கள்.

அமைச்சர் கண்டியூராருக்கு அலுத்துவிட்டது. பதினோரு வருஷமாக, ஆற்றோரப் பள்ளத்தில் இருக்கும் தாழைக்குடிக்கு ஒரு மேட்டுச் சத்திரம் கட்டலாம், கரையை உயர்த்தலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆள் சாகாத வெள்ளத்தை எந்தப் புலவன் பாடுவான் என்று தான அதிகாரி மணவாளராயர் சிரிப்பார். ராஜாவும் கூடச் சிரிப்பான்.

ஒரு சித்திரையில் ராயர் சபையிலேயே சீண்டினார். இவ்வளவு பேசுகிற அமைச்சர் தன் பொறுப்பில் ஒரு தானமாவது நடத்திக் காட்டட்டுமே என்றார். ராஜா மூன்று நாள் கெடு வைத்தான். தவறினால் அமைச்சர் பதவி ராயருக்கு. போனால் போகட்டும், சனியன் விட்டது என்றுதான் கண்டியூராருக்கு முதலில் தோன்றியது. தாழைக்குடி முகங்கள் நினைவுக்கு வந்ததால் எழுந்து போனார்.

மூன்றாம் நாள் தாழைக்குடி ஆட்கள் நாற்பது பேர் சபையில் வரிசையாக நின்றார்கள். எதிரே நாற்பது கோடித் துணிகள்.

"போர்த்திவிடுங்கள், மகாராஜா" என்றார் கண்டியூரார்.

ராஜா பதறி எழுந்தான். "உயிரோடு இருப்பவர்கள்மேல் கோடி போர்த்துவதா? உமக்குப் புத்தி பிசகிவிட்டதா?"

"துணி என்னுடையதல்ல. ஐப்பசியில் தேவைப்படும் என்று ராயர் இப்போதே நெய்யச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார், கோடையில் மலிவாம். சாகப் போகிறவர்கள் இவர்கள்தான். அப்போது போர்த்தினால் இவர்களுக்குத் தெரியாது. கொடுக்கிற கையை இப்போதே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும்."

முன்னால் நின்ற செம்பாயி என்ற மீன்காரி தலை குனிந்தாள். "போர்த்துங்க சாமி. போன வருஷம் எம் மகளுக்கு அனுப்பினீங்க. நல்ல துணிதான்."

ராஜா மெல்ல உட்கார்ந்தான். ராயரைப் பார்த்தான், ராயர் தரையைப் பார்த்தார்.

அந்த வருஷத்துக் கொடையெல்லாம் கல்லாகவும் மண்ணாகவும் தாழைக்குடிக்குப் போயிற்று. ராஜ கட்டளைப்படி ராயரும் கூடை தூக்கினார். ஐப்பசியில் வெள்ளம் வழக்கம்போலவே வந்து வயலை மூடியது. ராஜா யானையில் போய்ப் பார்த்தால், ஊர் மொத்தமும் மேட்டுச் சத்திரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் ஒரு கலயம் நீட்டினார்கள். கொடுத்தே பழகியவனுக்கு வாங்கத் தெரியவில்லை; தயங்கித் தயங்கி வாங்கிக் குடித்தான். கண் கலங்கிவிட்டது.

"கண்டியூராரே, என்ன வேண்டுமானாலும் கேளும்."

அமைச்சர் தூணில் சாய்ந்துகொண்டார். "அடுத்த சித்திரையில் இதையே நான் மறுபடி சொல்லும்படி வைக்காதீர்கள், மகாராஜா. அது போதும்."