பிடி அரிசிக்கு வந்த சட்டம்

முன்னொரு காலத்தில் செங்குன்றை நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம். போட்ட சட்டத்தை யாராவது குறை சொன்னால் மட்டும் பொறுக்காது. சொன்னவன் அன்றைக்கே நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும். அதனால் அமைச்சர் அம்பலவாணர் ‘வேண்டாம்’ என்ற சொல்லையே மறந்துவிட்டார். "ஆகட்டும் அரசே" என்பார். அப்புறம் அதற்குள்ளேயே ஒரு வழி தேடுவார்.

கருவூலம் தனகோடியார் கையில் இருந்தது. அமைச்சர் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், நாம் திறந்தால் கொட்டாவி விடுகிறாரே என்று அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

சித்திரையில் ஒரு நாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பல்லக்குத் தூக்கிகள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அரண்மனை முன்மண்டபத்தில் வந்து ஒதுங்கினார்கள். அவ்வழியே வந்த தனகோடியார் ஒரு பானைக்குள் எட்டிப் பார்த்தார். வாய் வரைக்கும் அரிசி!

அது பேச்சியின் பானை. அவள் புருஷன் சடையன், ராஜாவின் பல்லக்கில் முன்கொம்பு தூக்குகிறவன். அவர்களுக்குக் கூலி, அன்றாடம் அளக்கிற அரிசிதான். உலையில் போடுமுன் அதில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது அந்தத் தெருப் பெண்களின் வழக்கம்.

"ஏது இவ்வளவு அரிசி? களஞ்சியத்தில் எலி புகுந்துவிட்டதா?" என்றார் தனகோடியார்.

"திருடலீங்க சாமி. திங்காம வச்சது. பானை நெறஞ்சா வித்து ஆட்டுக்குட்டி வாங்கி விடுவோம். எங்க வீட்டுக்காரருக்குத் தோள் இறங்கிட்டு வருது. ஆடிக்கு மேல கொம்பைத் தொடக்கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. அப்புறம் எங்களுக்கு இதுதான் கஞ்சி."

தனகோடியார் நேரே சபைக்கு ஓடினார். "அரசே, ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். தின்றது போக மிஞ்சுகிறது என்றால், கொடுப்பது அதிகம் என்றுதானே பொருள்? கூலியில் தினம் ஒரு பிடியைக் குறைத்துவிடலாம். இதுவரை மிஞ்சியதும் நம்முடையதுதான்!"

"அட, ஆமாம்!" என்று தொடையைத் தட்டினான் ராஜா. "தேவைக்கு மேல் மிஞ்சுவதெல்லாம் வீண். இனி அதுதான் சட்டம்!"

அன்று மாலைக்குள் பானைகளும் ஆடுகளும் அரண்மனைக்கு வந்துவிட்டன. தன் பானையைக் களஞ்சியத்தில் கவிழ்த்ததைப் பேச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பலவாணர் அவளிடம் நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் கல்யாணப் பல்லக்கைத் தூக்கியவர்களில் இருவர் இப்போது கோயில் வாசலில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். சடையனுக்கும் அந்த இடம்தானா?

ராஜாவிடம் போய்க் கும்பிட்டார். "அருமையான சட்டம் அரசே! ஏழைகள் தெருவோடு நிறுத்துவானேன்? அரண்மனைக்குள்ளும் நடத்திவிடட்டுமா?"

"நடத்தும், நடத்தும்!" என்றான் ராஜா. அமைச்சரே தன் வழிக்கு வந்துவிட்டார் என்று தனகோடியாருக்குத் தலைகால் புரியவில்லை.

வைகாசி விசாகம் வந்தது. ராஜா மலைக்கோயிலுக்குப் புறப்பட்டான். வழியெல்லாம் பொட்டல், அனல் பறக்கிற வெயில். பாதி தூரம் போவதற்குள் சடையனின் தோள் விட்டுப்போயிற்று. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றவர்களுக்கும் மூச்சு வாங்கியது. பல்லக்கை ஓர் உடைமுள் மரத்தடியில் இறக்கிவிட்டார்கள்.

கிரீடத்தைச் சரிசெய்துகொண்டே ராஜா கத்தினான்: "தோள் மாற்ற ஆட்கள் எங்கே?"

"வீட்டில் இருக்கிறார்கள் அரசே," என்றார் அம்பலவாணர். "முன்பெல்லாம் எட்டுப் பேர் சுமந்தார்கள், எட்டுப் பேர் வெறுமனே கையை வீசிக்கொண்டு கூட வந்தார்கள். தேவைக்கு மேல் மிஞ்சிய ஆட்கள். தங்கள் சட்டப்படி நிறுத்திவிட்டேன்."

இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? தனகோடியார் துள்ளிக் குதித்தார். "கேட்டீர்களா அரசே, இவர் புத்தியை! கூட நடப்பவன் மிச்சமா? சுமக்கிற தோள் ஓய்ந்தால் மாற்றிக்கொள்ளத்தானே அவன் வருகிறான்! பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"கருவூலத்தார் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்!" என்றார் அம்பலவாணர். "இதையே பேச்சி சொன்னபோது அவர் காதில் ஏறவில்லை. அவள் பானையில் இருந்ததும் மாற்றுத் தோள்தான் அரசே. சடையன் தோள் ஓய்ந்தபின் அந்தக் குடும்பத்தைத் தூக்க வேறு ஆள் கிடையாது."

ராஜா சடையனைத் திரும்பிப் பார்த்தான். தோள் கன்றிப்போய் வீங்கியிருந்தது. எத்தனையோ வருஷம் அதன்மேல் சவாரி போயிருக்கிறான். அதைப் பார்த்தது அன்றுதான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சட்டம் செத்தது," என்றான். "பானையும் ஆடும் இன்றே அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். இனி அவர்கள் ஒரு பிடி போட்டால் அரண்மனையும் ஒரு பிடி போடும். அது சரி, இப்போது ஒரு தோள் குறைகிறதே?"

"கருவூலத்தார் சும்மாதானே கையை வீசிக்கொண்டு வருகிறார்?" என்றார் அம்பலவாணர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். வெயில் தாழ்ந்ததும் சடையன் வெறுங்கையோடு நடந்தான். தனகோடியார் முன்கொம்பைத் தூக்கினார். ஊர் திரும்பியபின் பத்து நாள் அவர் கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பியிருந்தது.

புதிய சட்டத்தை முரசறைந்தபோது பேச்சி ஒன்று கேட்டாள். "மகாராசா, அரண்மனைப் பிடி யாரு கைப்பிடி? கருவூலத்தாரு கை ரொம்பச் சின்னதுங்களே!"

"என் கைப்பிடி!" என்றான் ராஜா. அன்றாடம் அதை அளந்து கொடுக்கும் வேலையைத் தனகோடியாருக்கே கொடுத்தான். அம்பலவாணருக்குத் தன் விரல் மோதிரத்தைக் கழற்றிப் போட்டான்.

ஆடி பிறந்தது. சடையன் கொம்பை இறக்கி வைத்துவிட்டு வீட்டோடு இருந்தான். பேச்சி முதன்முறையாகப் பிடி அரிசிப் பானையிலிருந்து அரிசியை அள்ளி உலைக்குக் கொண்டுபோனாள். போடுமுன் கை தானாக ஒரு பிடியை எடுத்துப் பானையிலேயே திரும்பப் போட்டது.