கடைசி நாணல் புதரும் நாரை வைத்தியரின் குழலும்

வெள்ளச்சி என்ற சம்புக்கோழிக்கு அன்று காலையிலேயே வயிறு எரிந்தது. நோயால் அல்ல, ஆத்திரத்தால்! குளக்கரையில் நேற்று இருந்த நாணல் புதர்கள் இன்று இல்லை. மிச்சம் ஒரே ஒரு புதர். அதற்குள்தான் அவள் கூடு. கூட்டில் இன்னும் பொரியாத முட்டைகள்.

வெட்டிப் போனது யார்? கரைமேல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் நாரை வைத்தியர்தான்! கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. நாணல் குழலின் நுனியில் ஒரு மின்மினியை உட்கார வைப்பார். குழலைத் தொண்டை வழியே இறக்கி, வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லிவிடுவார். கரடியின் வயிற்றுப் புண்ணை அப்படிக் கண்டுபிடித்து அதன் உயிரையே காப்பாற்றினார்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம்! ஏப்பம் விட்டவனுக்கும் குழல், விக்கல் எடுத்தவனுக்கும் குழல். பலாப்பழத்தை மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்த நரிக்குக்கூடக் குழல்! ஆளுக்கொரு புது நாணல், ஆளுக்கொரு கட்டு தாமரை இலை. பார்த்து முடித்ததும் எல்லாம் குப்பைக்கு. கிருமி சாகட்டும் என்று இடத்தைப் பேய்க்குமட்டிச் சாற்றால் கழுவுவார்கள். கழுவிய கசப்புத் தண்ணீர் நேரே குளத்தில் போய் விழும். அது எங்கே போகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

வெள்ளச்சி முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தபோது கம்பவுண்டர் குரங்கு அரிவாளோடு வந்தது.

"எழுந்திரும்மா! நாணல் வேணும். அங்கே கூட்டம் நிற்குது!"

"என் பிள்ளைகள் உள்ளே இருக்காங்க! கண் அவிஞ்சா போச்சு உனக்கு?"

"நான் என்ன செய்ய? வைத்தியர் உத்தரவு!"

"அப்போ அவரையே கேட்கிறேன். அதுவரை இதில் கை வச்சே, கொத்திக் குதறிடுவேன்!"

விறுவிறுவென்று கரையேறினாள். ஆஸ்பத்திரி வாசலில் மான், முயல், காட்டுப்பன்றி எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றன.

"வைத்தியரே! கடைசிப் புதரையும் வெட்டினால் நான் எங்கே போவேன்?"

நாரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தா பாரும்மா, இத்தனை பேர் வலியில் துடிக்கிறார்கள். உன் கூடு பெரிதா, இவர்கள் உயிர் பெரிதா?"

வெள்ளச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். போன கோடையில் இங்கே ஈ காக்கை கிடையாது. இப்போது எங்கிருந்து இத்தனை வயிற்றுவலி?

"ஏன் மானே, நீ எங்கே தண்ணீர் குடிக்கிறே?"

"குளத்தில்தான். வேறெங்கே போவேன்?"

"நானும் குளத்தில்தான்!" என்றது முயல். "நானும்!" என்றது பன்றி.

வெள்ளச்சி சட்டென்று நாரையின் பக்கம் திரும்பினாள். "வைத்தியரே, நீங்க எங்கே குடிக்கிறீங்க?"

"நானா? மலையடிச் சுனையில்."

"அவ்வளவு தூரமா? குளம் காலடியில் இருக்கே!"

"அட, அந்தத் தண்ணீரை யார் வாயில் வைப்பது? பேய்க்குமட்டியாய்க் கசக்கிறதே!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று நாரைக்கு உறைத்தது. வரிசையில் நின்ற பன்றி கத்தியது, "அடப்பாவி! நீங்களே ஊற்றி, நீங்களே எங்களைப் படுக்கப் போட்டு, நீங்களே குழலும் விட்டீங்களா?"

சத்தம் கேட்டு அங்கே வந்த கரடி முன்னால் வந்தது. "எனக்குக் குழல் தேவைப்பட்டது. நன்றியை மறக்கவில்லை. ஆனால் இவர்களுக்குத் தேவை குழலா, நல்ல தண்ணீரா? ஒரு வார்த்தை கேட்டீர்களா ஐயா?"

நாரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "கேட்கவில்லை. தப்பு என்மேல்தான்" என்றது.

அன்றே அரிவாள் உள்ளே போயிற்று. வருகிறவர்களிடம் முதலில் நாலு வார்த்தை விசாரித்தார்கள். உண்மையாகவே தேவைப்பட்டவருக்கு மட்டும் மூங்கில் குழல். அதையும் வெந்நீரில் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். கசப்புத் தண்ணீருக்குக் குளத்தை விட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டினார்கள்.

முட்டைகள் பொரிந்தன. ஆனால் குளத்தின் கசப்புப் போக ஒரு மழைக்காலமே ஆயிற்று. அதுவரை வெள்ளச்சி தன் குஞ்சுகளை மலையடிச் சுனைக்கு நடத்திக் கூட்டிப் போனாள். வழியில் நாரையைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேவைக்குமேல் செய்கிற வைத்தியமும், ஊர் குடிக்கிற தண்ணீரைக் கெடுத்துச் செய்கிற வைத்தியமும் நோயைத் தீர்க்காது. புது நோயைத்தான் உண்டாக்கும்.