முதலை காட்டிய மேடு

கிட்ட வந்து உட்காருங்கள், இது தண்ணீர் துரத்திய கதை! எகிப்து தேசத்தில், நைல் நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழும் இடத்தில், வெகு காலத்துக்கு முன்னால் ஒரு பட்டணம் இருந்தது. அதை ஆண்ட அரசன் அன்கேபு.

பட்டணத்தின் ஆறு ஒரு வருடம் மெலிந்தது, மறுவருடம் சேறானது, மூன்றாம் வருடம் திசை மாறியே போய்விட்டது. ஆறில்லாத ஊரில் யார் பிழைப்பது? ஊரையே பெயர்த்தார்கள், கல் கல்லாக, தூண் தூணாக, சிலை சிலையாக!

புது ஆற்றின் கரையோரப் பள்ளத்தை அரசன் காட்டினான். "என் சிலையின் நிழல் தண்ணீரில் விழ வேண்டும்!" சேனாதிபதி ஆமாம் என்றார், பூசாரி ஆமாம் என்றார், மந்திரி இரண்டு தடவை ஆமாம் என்றார். செங்கல் அறுக்கும் தகாத் மட்டும் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் மகாராஜா. வெள்ளம் தொடாத இடத்தில்தான் முதலை முட்டையிடும். இந்த வருடம் அதோ, அந்த மணல்மேட்டுக்கு ஏறிப் போய் இட்டிருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. "முதலையா எனக்கு மந்திரி? போ, உன் வீட்டை மேட்டில் கட்டு. வெள்ளம் இங்கே வராவிட்டால் உன் தலை இருக்காது" என்றான் அரசன்.

தகாத்துக்கோ வீட்டில் மூன்று குழந்தைகள். ஆனாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்? மேடேறிச் செங்கல்லுக்கு மண்ணை மிதித்தாள். மீனவர்களும் குயவர்களும் பின்னாலேயே வந்தார்கள். மற்ற ஜனங்கள் அரசனோடும் அவன் சிலையோடும் பள்ளத்தில் குடியேறினார்கள்.

வந்தது ஐயா வெள்ளம்! முதல் நாள் சிலையின் கணுக்கால், இரண்டாம் நாள் இடுப்பு, மூன்றாம் நாள் கழுத்து! ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டின் அடிவாரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. ஓர் உயிரும் போகவில்லை!

கடைசியாகச் சேறும் சகதியுமாக அரசன் ஏறி வந்தான், தலை நிமிராமல்.

"என்னை மன்னிப்பாயா, அம்மா?"

"அதெல்லாம் அப்புறம், மகாராஜா. ஊர் மொத்தமும் வெட்டவெளியில் நிற்கிறது, செங்கல் போதாது. வந்து மண்ணை மிதியுங்கள்" என்றாள் தகாத்.

அரசன் மிதித்தான். அவன் மிதித்த மண்ணில்தான் புதுப் பட்டணத்தின் முதல் தெரு எழுந்தது.

ஆகவே கேட்டவர்களே, ஆமாம் போடும் நூறு பேரைவிட, கண்ணால் பார்த்ததைப் பயப்படாமல் சொல்லும் ஒருவரே ஊரைக் காப்பாற்றுவார்.