களைக்கொல்லி அடித்த டேங்க்

பெரம்பலூர்ப் பக்கம் தையல்நாயகி என்று ஒருத்தி. டிராக்டரின் பின்னால் இறக்கை மாதிரி ரெண்டு பக்கமும் நீளும் குழாயோடு பூம் ஸ்பிரேயர் பூட்டி மருந்தடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரே வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடும். அவளிடம் தொழில் படிக்க வந்த பிச்சைப்பிள்ளை அவளுக்குப் பத்து வயசு மூத்தவர்.

வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். புதுசாக மிஷின் வாங்கியவர், ஒரு நாள் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தார். மறுநாள் அதே டேங்கில் பூச்சி மருந்தைக் கலந்து மச்சினன் பருத்திக்கு அடித்தார். டேங்கில் ஒட்டியிருந்த களைக்கொல்லி பட்டு நாலே நாளில் இலையெல்லாம் கோழிக்கால் மாதிரி சுருங்கிப் போச்சு. மச்சினன் பேச்சை நிறுத்தினான். அப்புறம் அவர் வண்டியை யாரும் பருத்திக் காட்டுக்குள் விடவில்லை.

ஒரு மாசம் கூடவே இருந்தார். மருந்து பீய்ச்சும் நாசில் மாட்ட, இறக்கைக்கு உயரம் வைக்க, காற்றுப் பார்க்க, எல்லாம் கைக்கு வந்தது. ஒன்றுதான் பிடிபடவில்லை.

"வாத்தியாரம்மா, களைக்கொல்லி அடிச்ச டேங்கை எத்தனை தடவை கழுவணும்?"

"நேத்து சோளத்துக்கு அடிச்சீங்களே, கழுவிட்டீங்களா?"

"மூணு தடவை."

"அன்னைக்கு மச்சினன் காட்டுக்குப் போனப்ப?"

"ஒரு தடவை. அதுவும் அவசரத்துல."

"இப்ப மூணாச்சே. வண்டியை எடுங்க. என் பருத்தி ரெண்டு ஏக்கரும் மொட்டு வச்சு நிக்குது. பூச்சி மருந்தை அங்கே வச்சுக் கலந்துக்கலாம்."

"உங்க காட்டுக்கா?"

"என் காட்டுக்குத்தான். எங்களுக்கு இந்த வருஷச் சோறே அதுதான்."

வரப்பு வரைக்கும் வண்டி வந்தது. கிளட்சை மிதித்த கால் எழும்பவில்லை.

"என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லம்மா. இன்னொரு தடவை கழுவிட்டு வந்துடறேன்."

"மூணு போதாதா?"

அவர் வண்டியைத் திருப்பினார்.

தள்ளியிருந்த தரிசில் நிறுத்தி, நாசில் அத்தனையும் கழற்றினார். வடிகட்டியைப் பிரித்தார். இறக்கைக் குழாயின் நுனி மூடியைத் திறந்ததும், கழுவியும் போகாத களைக்கொல்லி மஞ்சள் விழுதாக வழிந்தது. கையுறையில் அதை ஏந்திப் பார்த்தார்.

அப்புறம் சோப்புத் தண்ணி, நல்ல தண்ணி, மறுபடி சோப்புத் தண்ணி. தையல்நாயகி கொடுத்தனுப்பிய சோறு வண்டி நிழலில் ஆறிக் கிடந்தது.

வெயில் சாய்ந்த பிறகு மறுபடி வரப்புக்கு வந்தார்.

"எத்தனை தடவை ஆச்சுண்ணே?"

யோசித்துப் பார்த்தார்.

"எண்ணலையே, வாத்தியாரம்மா."

தையல்நாயகி வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"அப்ப உள்ள வாங்க."