எண்ணெய் பாட்டிலில் போட்ட கோடு

“என் வீட்டில ஒரு திருடி இருக்கா அம்மா” என்றாள் பிரமு.

மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன போச்சு அக்கா?”

“தேங்காய் எண்ணெய்.”

“எவ்வளவு?”

பிரமு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கொஞ்சம் இடைவெளி விட்டுக் காட்டினாள். அரை அங்குலம் இருக்கும்.

மடம் மலையடிவாரத்தில், பாறையை ஒட்டி இருந்தது. ஓட்டுக்கூரை. ஒரே கூடம். பின்னால் சமையல்கட்டு. மடத்தம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. ஊரில் எல்லோரும் அவரை அம்மா என்பார்கள். தன்னைவிட மூத்த பெண்களை அவர் அக்கா என்பார்.

பிரமுவுக்கு நாற்பத்தாறு. ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது.

கூடத்தில் யாரும் எங்கும் உட்காரலாம். பிரமு மட்டும் மூலைக்குப் போய், முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து வாசலும் தெரியும், சமையல்கட்டும் தெரியும்.

“இப்படி விசிறிக்குக் கீழே வாங்களேன்.”

“இருக்கட்டும். எனக்குப் பின்னாடி ஆள் நடமாடினா சரிப்படாது.”

மடத்தம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

“அரை அங்குலம் குறைஞ்சது எப்படித் தெரிஞ்சது?”

“கோடு போட்டு வச்சிருக்கேன்ல? பேனாவால. எண்ணெய்க்கு, சீனிக்கு, காப்பித்தூளுக்கு, எல்லாத்துக்கும்.”

“யார் மேல சந்தேகம்?”

“இதுல சந்தேகம் என்ன? வீட்டில மூணு பேரு. நான், என் மக, என் நாத்தனார். நான் எடுக்கல. பிள்ளை எடுக்காது. அப்புறம் யாரு?”

நாத்தனார் பெயர் செண்பகவடிவு. பிரமுவின் செத்துப்போன கணவனுக்கு அக்காள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். போக வேறு இடம் கிடையாது. பிரமு விமானம் ஏறியபோது மகளுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து அவளை வளர்த்தது செண்பகவடிவுதான்.

“வெள்ளிக்கிழமை அவளை வீட்டை விட்டு அனுப்பப் போறேன். அது பாவமில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“உங்க மக தலையில எண்ணெய் இருக்கா?”

“இருக்கே. பளபளன்னு இருக்கு.”

“அது எங்கேருந்து வந்தது?”

“அதைத்தானே நானும் சொல்றேன்! என்னைக் கேக்காம எடுத்துப் பூசியிருக்கா!”

மடத்தம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிரமு காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

படி அருகே தோள்பையைக் கீழே வைத்தாள். ஜிப்பைக் கடைசிவரை இழுத்துத் திறந்தாள். இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சமையல்கட்டு ஜன்னல் வழியாக மடத்தம்மா அதைப் பார்த்தார்.

யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிரமு பையை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

*

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தாள். சாப்பாட்டு நேரம். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரமு கிண்ணத்தை வாங்கி, மூலையில் நின்றபடியே குடித்தாள்.

“இத்தனை பேருக்கு அரிசி யார் குடுக்கறாங்க?” என்று கேட்டாள்.

“யார் யாரோ.”

“சும்மாவா குடுப்பாங்க? என்ன எதிர்பார்க்கறாங்க?”

“நீங்க குடிச்சு முடிக்கணும்னு.”

பிரமு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“இப்போ சீனியும் குறையுது அம்மா.”

“வீட்டில காப்பி போடறதில்லையா?”

“போடறோம்.”

“சீனி போட்டா?”

பிரமு அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“அவ இங்கே வந்தாளா? உங்ககிட்ட ஏதாவது சொல்லி வச்சிருக்காளா?”

“இல்லை.”

“நீங்க அவ பக்கம் பேசற மாதிரி இருக்கு.”

“நான் காப்பி பக்கம் பேசறேன் அக்கா.”

பிரமு சிரிக்கவில்லை. சமையல்கட்டில் ஏதோ உருண்டது. எழுந்து எட்டிப் பார்த்தாள். பூனை. அது வெளியே போகும்வரை பார்த்திருந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இந்தக் கோடு போடறதை எங்கே கத்துக்கிட்டீங்க?”

“அங்கேதான். அந்த வீட்டு எஜமானியம்மா போடுவாங்க. பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணிக்குக்கூடக் கோடு.”

“நீங்க எடுத்திருக்கீங்களா?”

பிரமுவின் கழுத்து நரம்பு புடைத்தது.

“ஒன்பது வருசம். ஒரு சொட்டு தொட்டதில்லை.”

“அப்போ அந்தக் கோட்டுக்குக் கீழே குறைஞ்சதே இல்லை.”

“குறையாம எப்படி இருக்கும்? சமைக்கிறேன், கழுவறேன். குறையத்தானே செய்யும்?”

“எஜமானியம்மா அதை ஒத்துக்கிட்டாங்களா?”

“எங்கே! தினமும் கேள்விதான். வாரத்தில ஒருநாள் வெளியே விடுவாங்க. போகும்போது பையைக் கதவுகிட்ட திறந்து வச்சுட்டு ரெண்டு எட்டு தள்ளி நிக்கணும். அவங்க வந்து தேடுவாங்க. நான் ஒருநாளும் தவறினதில்லை. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே திறந்து வச்சிடுவேன். ஒரு குண்டூசி கிடைச்சதில்லை அவங்களுக்கு.”

சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது.

“அப்புறம் தேடறதை நிறுத்திட்டாங்களா?”

“நிறுத்தறதா? ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின அன்னிக்கும் தேடினாங்க.”



பிரமு எழுந்தாள். வாசல். பை. ஜிப். இரண்டு எட்டு.

மடத்தம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பையைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

*

வியாழக்கிழமை மதியம் வந்தபோது பிரமுவுக்கு மூச்சு வாங்கியது.

“சொல்லிட்டேன் அம்மா. நாளைக்குக் காலையில கிளம்புன்னு அவகிட்டயே சொல்லிட்டேன். சண்டைக்கு வருவான்னு பார்த்தா, வாயே திறக்கலை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. பேசாம இருக்கறவ ஏதோ திட்டம் போடறவ.”

“மக என்ன சொல்றா?”

“அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா மட்டும் எங்கிட்ட பேசிடுவாளாக்கும். எல்லாம் அத்தை, அத்தை, அத்தை. கெடுத்து வச்சிருக்கா.”

“ம்.”

“நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. நான் போறேன்.”

“போங்க அக்கா.”

“இதுவா வார்த்தை?”



பிரமு முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். வாசலில் பையை வைத்தாள். ஜிப்பைத் திறந்தாள். இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து நின்றாள்.

மடத்தம்மா வந்தார். பைக்கு முன்னால் குந்தினார். கையை உள்ளே விட்டார்.

கைக்குட்டை வெளியே வந்தது. தரையில் வைத்தார். சாவிக்கொத்து. தைல டப்பா. ஒரு பேனா. காகிதத்தில் மடித்த முறுக்கு, பாதி தின்றது. மடத்தம்மா காகிதத்தைப் பிரித்து முறுக்கை முகர்ந்து பார்த்தார்.

“இது மடத்து முறுக்கா?”

பிரமுவின் முகம் கறுத்தது.

“என்ன கேக்கறீங்க? எங்க வீட்டு முறுக்கு. மதினி சுட்டது. வழியில தின்னுக்கோன்னு இன்னிக்குக் காலையில குடுத்தாங்க.”

“மதினியா?”

“செண்பகவடிவு.”

மடத்தம்மா பையைக் கவிழ்த்துத் தட்டினார். உள்துணியை வெளியே இழுத்தார். தையலை ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். அவசரமே படவில்லை.

கூடத்தில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள்.

“அம்மா, நான் உங்க மடத்தில திருடுவேனா?”

“நீங்கதானே திறந்து வச்சீங்க.”

“அதுக்காக?”

மடத்தம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஒண்ணும் இல்லை. போகலாம்.”

பிரமு சாமான்களை அள்ளிப் பையில் திணித்தாள். முறுக்கு நொறுங்கியது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வெயிலில் நடந்தாள். ‘இன்னிக்கு ஒண்ணும் இல்லை’ என்பது கூடவே நடந்து வந்தது.

அப்போ நாளைக்கு?

வீட்டு வாசலில் செண்பகவடிவு நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு ரெக்சின் பை.

“நாளைக்குன்னுதானே சொன்னேன்” என்றாள் பிரமு.

“பிள்ளை பள்ளிக்கூடத்தில இருக்கும்போதே போயிடறேன். பார்த்தா அழும்.”

செண்பகவடிவு குனிந்தாள். ஜிப்பைக் கடைசிவரை இழுத்தாள். பையின் வாயை அகலமாக விரித்து வைத்தாள். இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மாதமாகப் பிரமு இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

“பார்த்துக்கோ பிரமு.”

பிரமு குந்தினாள். கை தானாகவே உள்ளே போனது.

ஒரு சேலை. இன்னொரு சேலை. ஒரு சீப்பு. சீப்பின் பற்களில் முடி சுற்றியிருந்தது. செண்பகவடிவுக்கு நரை. இது நீளமான கறுப்பு முடி. எண்ணெய் மினுங்கியது.

கை அங்கேயே நின்றது.

நிமிர்ந்தாள். செண்பகவடிவு அவளைப் பார்க்கவில்லை. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரமு சீப்பை உள்ளே வைத்து ஜிப்பை மூடினாள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

“பையை எங்கே கொண்டு போறே?” செண்பகவடிவு பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். “அதுல ஒண்ணுமில்லைன்னுதான் பார்த்துட்டியே!”

பிரமு பையை அவளுடைய துணிக்கொடிக்குக் கீழே, பழைய இடத்தில் வைத்தாள். அடுப்படியிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு வீட்டின் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“என்ன இது?” செண்பகவடிவு கிட்டே வரவில்லை.

“தலை காய்ஞ்சு கிடக்கு மதினி.”

செண்பகவடிவு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“கோட்டுக்குக் கீழே போயிடுமே.”

பிரமு கொண்டையை அவிழ்த்தாள்.