கழுதைகளுக்குப் போட்ட வேலி

வருடத்துக்கு இரண்டு தடவை மழை எட்டிப் பார்க்கும் மணல்காடு அது. அதன் ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு வன்னி மரம், பின்னால் புல் முளைக்கும் ஒரு பள்ளம். குடிசையில் இரண்டே பேர். குரு தாண்டவருக்கு வயது நாற்பது. சீடர் பூவராகனுக்கு அறுபத்தொன்று. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி வந்தவர். ஞானம் வந்ததோ இல்லையோ, தலைமை ஆசிரியர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பள்ளத்துக்குக் காட்டுக் கழுதைகள் வரும். மான்களும் வரும். கழுதைகள் இறங்கி மேயும்போது மான்கள் மேட்டிலேயே நிற்கும். அவற்றில் காது கிழிந்த ஒரு சினை மான் உண்டு. பூவராகன் அதற்குச் செவந்தி என்று பெயர் வைத்திருந்தார். மனைவி போன பிறகு அவர் ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட உயிர் அது ஒன்றுதான்.

“சுவாமி, இந்தத் தடியனுங்க வயிறு முட்டத் தின்னுட்டுப் போறானுங்க. பிள்ளைத்தாச்சி ஓரமா நிக்கிறா. நியாயமா இது?”

“என்ன செய்யலாம்ங்கறீர்?”

“வேலி போடணும். மான் நுழையிற அளவுக்கு மட்டும் ஒரு சந்து.”

“போட்டுத்தான் பாப்போம், வாரும்.”

குருவும் கூடவே முள் சுமந்தார். நாலு நாளில் வேலி எழுந்தது. கழுதைகள் வந்தன, மோந்து பார்த்தன, போய்விட்டன. பூவராகன் தூரத்தில் நின்று, வகுப்புக்குள் பிள்ளைகளை அனுப்புவதுபோல் மான்கள் ஒவ்வொன்றாய் நுழைவதைப் பார்த்தார்.

ஒரு மாதத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. குரு தினமும் காலையில் அந்தப் புல்லுக்குள் போய்க் குந்தியிருந்தார். பூவராகன் அதைத் தியானம் என்று நினைத்தார்.

ஆனால் மான்கள் குறைந்துகொண்டே வந்தன. செவந்தி கடைசியாக வந்த அன்று கூடவே ஒரு குட்டி. அவள் சந்தில் நின்று உள்ளே பார்த்தாள். நுழையவில்லை. விலா எலும்பு தெரிந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு விலகி நின்றது.

பூவராகனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“இவ்வளவு புல் கெடக்கு சுவாமி. இவ ஏன் பட்டினி கெடக்கா? குட்டி செத்துப்போகுமே!”

குரு அவரைப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனார்.

“மண்டி போடும்.”

“முழங்கால் வலிக்கும் சுவாமி.”

“செவந்தி வாய் இருக்கிற உயரத்துக்குக் குனியும். ஒரு வாய் தின்னு பாரும்.”

பூவராகன் கடித்தார். காய்ந்த தண்டு நாக்கைக் கிழித்தது. துப்பினார்.

குரு இரண்டு கையாலும் தண்டுகளை விலக்கினார். அடியில், வெயில் படாமல் வெளுத்துப்போய், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் தளிர்.

“இது அவளுக்கு.”

“அப்போ மேல இருக்கிறது?”

“தடியனுங்களுக்கு.”

பூவராகன் எழுந்திருக்கவில்லை. “அப்போ அவ மேட்டுல ஒதுங்கி நின்னது… பயந்துபோய் இல்லையா?”

“அவனுங்க மேல இருக்கிறதைத் தின்னு, இவளுக்கு இலை போடட்டும்னு நின்னா.”

அன்று சாயங்காலத்துக்குள் வேலியைப் பிரித்துப் போட்டார்கள். கழுதைகள் வரவில்லை. பூவராகன் தினமும் மேட்டில் உட்கார்ந்து, “வாங்கடா ராசா, தெரியாமப் பண்ணிட்டேன்” என்று மணலைப் பார்த்துக் கெஞ்சினார். ஆறாம் நாள் வந்தன. தண்டுகளை வெட்டித் தின்றன, மிதித்தன, புரண்டன. அவர் அவற்றைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

மூன்று நாள் கழித்துச் செவந்தி இறங்கினாள். கடைசிக் கழுதையின் வாலுக்குப் பின்னாலேயே தலை குனிந்து மேய்ந்தாள். மறுநாள் குட்டி மடியில் வாய் வைத்தது. இந்தத் தடவை விலகவில்லை.

பூவராகன் தேம்பி அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

“உங்களுக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சிருந்தும் ஏன் என்கூட முள்ளு சுமந்தீங்க?”

“யாரு சொன்னா? எனக்கும் தெரியாது ஓய்,” என்றார் குரு. “தினமும் அந்தப் புல்லுக்குள்ள குந்திப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீர் முன்னால மேய்ஞ்சீர். நான் பின்னாலயே வந்து தின்னேன்.”