கரும்பாறைக் கோட்டை விழுந்த விதம்

ஊத்துப்பாளையத்தில் புத்திசாலிகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் நாலு பேர் என்று சொல்வேன். அந்த நாலு பேரும் தங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். மறுத்துப் பேச எனக்கு நேரமில்லை. அரிசி ஆலைக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆலையின் மாடி அறையில்தான் அவர்களுடைய சங்கம் நடந்தது. அவர்கள் போட்ட தீர்மானம் ஒவ்வொன்றும் என் கடையில் நாலு பிரதி எடுக்கப்பட்டது. அதனால் நான் சொல்வதற்கு ஆதாரம் உண்டு.

சங்கத்தின் பெயர் ஊத்துப்பாளையம் கணினிப் போர்வீரர் சங்கம். தலைவர் நாச்சிமுத்து, துணைத்தலைவர் சென்னியப்பன், செயலாளர் திருமூர்த்தி. நாலாவது ஆள் குழந்தைவேல். அவருக்குப் பதவி கிடையாது, மௌஸ் பிடிப்பதுதான் வேலை. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், வீட்டில் இருந்தால் ஏதாவது வேலை சொல்வார்கள் என்று தெரிந்தவர்கள்.

அவர்கள் ஆடுகிற ஆட்டத்தில் மந்திரவாதி, பூதம், டிராகன் எல்லாம் உண்டு. ஆனால் சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. நம் முறைக்கு நம் தளபதிகளை நகர்த்திவிட்டு, திரையின் மூலையில் இருக்கிற மணியை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஆட்டத்தில் ஒரு நாள் முடிந்து எதிரியின் முறை வரும். அழுத்தாவிட்டால் எதிரி எத்தனை நாளானாலும் அப்படியே நிற்பான். இதைவிட மரியாதையான எதிரி உலகத்தில் யாருக்கும் கிடைக்கமாட்டான். அப்படிப்பட்டவனிடம் இவர்கள் ஏழு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ரொம்ப எளிது. ஒரு குதிரையை நாலு அடி நகர்த்துவது என்றாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், திருமூர்த்தி அதை நோட்டில் எழுத வேண்டும். முதல் வருஷமே ஒரு முக்கியமான தீர்மானம் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது, தாங்கள் இல்லாத நேரம் பார்த்து எதிரி புகுந்துவிடுவான் என்று. ஆலையில் ஜெனரேட்டர் இருந்ததால் ஏழு வருஷத்தில் அந்தத் திரை இருண்டு அவர்கள் பார்த்ததேயில்லை.

ஆலை முதலாளி தெய்வசிகாமணிக்கு ஒரு மருமகள், கோகிலவாணி. கம்ப்யூட்டர் படித்த பெண். ஊரில் பதினோரு பெண்பிள்ளைகள் கம்ப்யூட்டர் வகுப்புக்காக இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அதில் இரண்டு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த வகுப்பை மாடி அறையில் நானே நடத்துகிறேன் என்று கோகிலவாணி மாமனாரிடம் கேட்டாள். அவரோ சங்கத்தின் திறப்பு விழாவில் மைக் கையில் கிடைத்த சந்தோஷத்தில், ஒரு ஆட்டமாவது ஜெயிக்கிற வரைக்கும் அறை உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். தோற்கத் தோற்க அறை அவர்களுக்கே உறுதியாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. அந்த ஆட்டத்தில் போர்க்களத்தின் வரைபடத்தை ஆடுகிறவர்களே சொந்தமாகத் தயாரிக்கலாம். கோகிலவாணி ஒன்று தயாரித்தாள். காடு, ஆறு, பாலம், பாலத்தின் மேல் ஒரு பூதம், எல்லாவற்றையும் தாண்டி எதிரியின் கரும்பாறைக் கோட்டை. காலண்டர் கணக்கில் முப்பது நாளில் அதைப் பிடித்துவிட்டால் அறை ஆயுசுக்கும் சங்கத்துக்கு. இல்லாவிட்டால் காலி செய்துவிட வேண்டும்.

கடினமான வரைபடம்தான். அதனால் கோகிலவாணி, ஏமாற்றி ஜெயித்தாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்று, ஜெயிக்கிற வழியையும் ஐந்து வரியில் தானே எழுதிக் கொடுத்தாள். நாலு பிரதி எடுக்க என்னிடம் வந்தது. படித்துப் பார்த்தேன். அந்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடாத எனக்கே புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு நேர்மை எதற்கு என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

முதல் வரி இது: முதல் வாரம் யாரும் கோட்டையை விட்டு வெளியே போகக் கூடாது.

அன்று சாயங்காலமே நாலு பேரும் மாடியேறிக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்கள். ஏழு நாள் இறங்கவில்லை. வீட்டுச் சாப்பாடு கயிறு கட்டின வாளியில் ஜன்னல் வழியாக ஏறியது. மூன்றாம் நாள் திருமூர்த்தியின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். தங்கை கீழே நின்று அழுது பார்த்தாள். திருமூர்த்தி மனமிரங்கித் தன் துண்டை மேலிருந்து போட்டார். அந்தத் துண்டை என் கடை ஸ்டூலில் விரித்து, அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தினார்கள். மாமன் ஜன்னலிலிருந்து ஆசீர்வாதம் பண்ணினார்.

இதற்குள் ஆட்டத்தில் அவர்களுடைய தளபதிகள் கோட்டையை விட்டு வெளியே போய், காட்டில் நன்றாக உதை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். தளபதிகளைப் பற்றித் தாளில் ஒன்றும் சொல்லவில்லையே என்றார் நாச்சிமுத்து.

இரண்டாவது வரி, ஒற்றனை அனுப்பி எதிரியின் பலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது. சென்னியப்பன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கோகிலவாணியின் வீட்டு முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அவள் பார்த்துவிட்டு, உள்ளே வாங்க அண்ணா என்று காப்பி கொடுத்து அனுப்பினாள். அவர் திரும்பி வந்ததும் அவசரக் கூட்டம் கூடியது.

"எதிரி மாவாட்டிட்டு இருக்குதுங்க. நாலு படி அரிசி" என்றார் சென்னியப்பன்.

"நாலு படின்னா முப்பது வீரருக்குக் காணும். கொள்ளு ஊறப்போட்டிருக்குதா, பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க."

"அப்ப குதிரைப்படை இல்ல. எழுதிக்குங்க திருமூர்த்தி."

திருமூர்த்தி எழுதிக்கொண்டார். அந்தத் தாள் இன்னும் என் கடையில் இருக்கிறது.

மூன்றாவது வரி: பாலத்துப் பூதத்தோடு சண்டை போடாமல் பேசிப் பாருங்கள். ஆட்டத்தில் அதற்கென்றே பேசு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நாச்சிமுத்து வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பூதத்தின் சௌக்கியத்தை விசாரித்தார். அந்தப் பக்கம் மழை எப்படி என்று கேட்டார். தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்று குலதெய்வத்தையும் கேட்டுப் பார்த்தார். பூதம் வாயைத் திறக்கவில்லை. நாம் உட்கார்ந்துகொண்டு அதை நிற்க வைத்துப் பேசினால் எப்படிப் பேசும் என்று திருமூர்த்தி சந்தேகம் கிளப்ப, அடுத்த இரண்டு நாள் நாலு பேரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

மூன்றாம் நாள் பூதத்துக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானம் ஆகி, திரையின் மேல் போர்த்தினார்கள். துணி மூடியதில் குழந்தைவேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக மௌஸை எங்கேயோ அழுத்தினார். பொன்னாடையை எடுத்துப் பார்த்தால் பூதம் இவர்கள் படையில் சேர்ந்து நின்றது. தலைவரின் நாவன்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டார்கள். நாலு பிரதி.

நாலாவது வரிதான் சங்கத்தையே உடைக்கப் பார்த்தது. முழுப் படையையும் ஒரே தளபதியிடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். தளபதிகளுக்கு இவர்கள் தங்கள் பெயரையே வைத்திருந்தார்கள். நாச்சிமுத்துவிடம் கொடுத்தால் சென்னியப்பனுக்கு ஆகாது. சென்னியப்பனிடம் கொடுத்தால் திருமூர்த்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நாலு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், யாருக்கும் பொறாமை வராத ஆள் யார் என்று பார்த்து, குழந்தைவேலின் பெயருள்ள தளபதியிடம் டிராகன், பூதம், குதிரை என்று எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். பெரிய பெரிய இடங்களிலேயே இப்படித்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இவர்களை மட்டும் குறை சொல்வானேன்.

ஆனால் பாருங்கள், வழி சரியான வழி. தளபதி குழந்தைவேல் காட்டைத் தாண்டினான், பாலத்தைத் தாண்டினான், வந்தவனையெல்லாம் அடித்துப் போட்டான். இருபத்தோராம் நாள் கரும்பாறைக் கோட்டை வாசலில் போய் நின்றான். கோட்டைக்குள்ளே இரண்டே இரண்டு வில்லாளிகள். மௌஸை இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்தினால் கோட்டை விழுந்துவிடும்.

இந்த நாலு பேரிடமா அந்தப் பெண் தோற்கப் போகிறாள் என்று எனக்கு மனசு ஆறவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

குழந்தைவேல் அழுத்தப் போன விரலைத் தலைவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஜெயித்ததும் திரை முழுக்க வென்ற தளபதியின் பெயர் வரும் என்று ஆட்டம் வந்த அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது.

"நாளைக்குச் சரித்திரத்துல குழந்தைவேல்னு இருந்தா, சங்கத்துக்குத் தலைவர்னு நான் எதுக்கு?" என்றார்.

நியாயம்தான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைவேலும் ஒப்புக்கொண்டார். தளபதி நாச்சிமுத்து வந்து வாசலில் நின்று ஜெயிப்பது என்று முடிவாயிற்று. ஆனால் தளபதி நாச்சிமுத்து சொந்தக் கோட்டையில் சும்மா உட்கார்ந்திருந்தார். நடந்து வர ஆட்டக் கணக்கில் மூன்று நாளாகும். மூன்று நாள் போக வேண்டுமென்றால் மூன்று தடவை மணியை அழுத்த வேண்டும். திருமூர்த்தி தாளை எடுத்து ஐந்தாவது வரியைப் படித்தார்.

"கோட்டை வாசலுக்கு வந்தபின் எதிரிக்கு இன்னொரு முறை கொடுக்கவே கொடுக்காதீர்கள்."

வாசலுக்கு வந்ததும் உடனே அடி என்றுதான் அதற்கு அர்த்தம். சங்கம் வேறு மாதிரி முடிவு செய்தது. இனி மணியை அழுத்துவதே இல்லை. குழந்தைவேல் அடிக்கக் கூடாது, நாச்சிமுத்து வந்துதான் அடிக்க வேண்டும், நாள் நகராமல் நாச்சிமுத்து நகர முடியாது, நாளை நகர்த்தவும் கூடாது. எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது. கை தவறி மணியில் பட்டுவிடக் கூடாது என்று குழந்தைவேலின் வலது கையை நாற்காலியோடு கட்டி வைத்தார்கள். சாப்பிட மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். இப்படியே ஒன்பது நாள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முப்பதாம் நாள் சாயங்காலம் தெய்வசிகாமணி பூட்டும் கையுமாக மாடியேறினார். பின்னால் கோகிலவாணி, அவளுக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாகப் பதினோரு பெண்பிள்ளைகள். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன்.

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் பேசாமலே இருந்திருக்கலாம், அறை அவளுக்கு வந்திருக்கும். பிறவியிலேயே நேர்மை. யாராலும் மாற்ற முடியாது.

"ஏனுங்க தலைவரே, நீங்க ஜெயிச்சே போட்டீங்க. ரெண்டு வில்லாளிதான் பாக்கி. கட்டை அவுத்துட்டு அண்ணனை ஒருக்கா அழுத்தச் சொல்லுங்க. ரூம் உங்களுக்குத்தான்" என்றாள். பின்னால் நின்ற பிள்ளைகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மற்ற மூன்று பேரையும் பார்த்துப் புன்னகை செய்தார்.

"அம்மிணி, ஏழு வருசமாப் போர் பண்ணிட்டு இருக்கறோம். எதிரியே வந்து அழுத்துன்னு சொல்லி, அதைக் கேட்டு அழுத்தறதுக்கு எங்களை என்ன முட்டாளுன்னு நெனச்சயா?"

சென்னியப்பன் வழிமொழிந்தார். தோல்வியே காணாமல் அறையைக் காலி செய்வது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். கோகிலவாணி மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெய்வசிகாமணி அவள் கையைப் பிடித்து, போதும் சாமி, சும்மா இரு என்றார். என் வாழ்க்கையில் அவர் அவ்வளவு புத்திசாலித்தனமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

போர் நடக்கிற கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாதே. அதனால் யுபிஎஸ்ஸைக் கீழ்த்தட்டில் வைத்து, மேஜையோடு சேர்த்து ஆளுக்கொரு காலாகப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். பஸ் நிறுத்தத்தின் நிழலில் மேஜையை இறக்கியபோது யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எதிரி சமாதானத்துக்குச் சங்கு ஊதுகிறான் என்றார் தலைவர். பத்து நிமிஷம் ஊதியது. பிறகு சங்கு நின்றது, திரை இருண்டது.

சென்னியப்பன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். ஒற்றன் அல்லவா.

"கோட்டையைக் காணமுங்க தலைவரே. பாலம், காடு, ஒண்ணுமே இல்லீங்க. மொத்தமா அழிஞ்சு போச்சுங்க."

நாச்சிமுத்து தன் கழுத்தில் தானே பொன்னாடையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்கள். குழந்தைவேலுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம்.

"நம்ம ஆளுகளையும் காணமேங்க?"

"போர் முடிஞ்சப்புறம் அங்க அவங்களுக்கு என்ன வேலை? வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றார் தலைவர்.

மறுநாள் காலை மாடியில் பதினோரு பிள்ளைகளும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே நாலு பேரும் அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். வெற்றிக்கு அத்தாட்சியாக நாலு பிரதி வேண்டுமாம். திரையைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து எடுத்துக் கொடுத்தேன். நாலும் கன்னங்கரேல் என்று வந்தன. தலைவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது தாளில், என் கண்ணாடியில் இருந்த தூசியோ என்னவோ, ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. தாளை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"இதுல ஒரு வில்லாளி தப்பிச்சு நிக்கறானுங்க. இன்னொருக்கா எடுங்க."